நாகூர் வீட்டு மாப்பிள்ளைக்கு, பினாங்கு உம்மா

மகனே,

உனக்கு என் சலாம். நலமா என்று கேட்கப் போவதில்லை. நாகப்பட்டினக் கப்பலில் நலமாகப் போய்ச் சேர்ந்ததாக உன் வாப்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை உன் கல்யாணச் சட்டைக்கு அடியில், அத்தர்ப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கரை நெருங்குகிற வரை நீ அந்தச் சட்டையைத் தொடமாட்டாய். ஆகவே இதைப் படிக்கும்போது நீ திரும்பி வர முடியாத தூரத்தில் இருப்பாய். அப்படி இருக்க வேண்டுமென்றுதான் அங்கே வைத்தேன். முன்பே கண்டிருந்தால் கப்பல்துறை ஜெட்டியிலிருந்து ரிக்‌ஷா பிடித்து வந்து என்னோடு சண்டைக்கு நிற்பாய். சண்டையில் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய், நான் ஜெயித்துவிடுவேன். இந்த முறை எனக்கு அப்படி ஜெயிக்க வேண்டாம்.

உன்னை வழியனுப்ப நான் ஜெட்டிக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை, அன்று காலையில்தான் பாசாருக்கு நடந்து போய் மீன் வாங்கி வந்திருந்தேன். கல்யாணத்துக்கும் வரவில்லை. பினாங்கில் பிறந்தவளுக்குப் பெரிய கடல் ஒத்துக்கொள்ளாது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், அங்கே கேட்டால் நீயும் அதையே சொல். உனக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன்: எல்லாம் வயிற்றெரிச்சல். உன் வாப்பா போன அதே ஊருக்கு, அதே தெருவுக்கு, அதே குடும்பத்துக்கு நீயும் மாப்பிள்ளையாகப் போவதைப் பார்க்க என் கண்ணுக்குத் தெம்பில்லை. பெரியம்மா, பெரியம்மா என்று நீ வாய் நிறையக் கூப்பிடுகிறாயே, உன் வாப்பாவின் முதல் மனைவி, அந்த நாகூராள், அவள் தன் தம்பி மகளுக்காக விரித்த பாயில் என் மகன் போய் உட்காரப் போகிறான். இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பூத்தூவ என்னால் ஆகாது.

பொறாமை எனக்குப் புதிதல்ல. அது உன்னைவிட மூத்தது. உன் வாப்பா கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை வைத்திருந்தார். அவர் ஊர்ப் பெண்கள் கடல் தாண்டமாட்டார்கள். ஆண்கள் தாண்டுவார்கள், தாண்டிய இடத்தில் அவர்களுக்குச் சோறு வேண்டும், துணை வேண்டும். நான் அப்படி வாய்த்தவள். அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பதை அவர் ஒளிக்கவில்லை. எங்கள் வாப்பாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எங்கள் சூலியா தெருவில் பாதி வீடுகளின் கதை அதுதான். பெரிதாக எடுத்துக்கொண்டது நான் ஒருத்திதான். அவள் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை, ஆனால் அவர் கப்பலை விட்டு இறங்கி வந்து சட்டையைக் கழற்றினால் அதிலிருந்து வருகிற சாம்பிராணி வாடை எனக்குத் தெரியும். அந்தச் சட்டையை அன்றே வண்ணானுக்குப் போட்டுவிடுவேன்.

போய்த் திரும்பும்போதெல்லாம் அவர் கையில் ஒரு தகர டப்பா இருக்கும். அதில் தம்ரூட், அவள் எனக்கென்று செய்து அனுப்புவது. “உனக்குன்னுதான் குடுத்துவிட்டா” என்பார், ஏதோ பெரிய பெருமை போல. நான் மூடியைக்கூடத் திறக்காமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடச் சொல்வேன். உம்மா எவ்வளவு தாராளம் என்று நீ இன்றுவரை உன் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். கொடுத்துவிடுவதற்கு முன்பு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு துண்டு தின்பேன். நெய்யும் முட்டையும் ரவையும் அப்படிச் சேர்ந்திருக்கும். வாயில் வைத்தால் கரையும். அதுதான் எனக்குத் தாங்காது. அவள் கைப்பக்குவம் மோசமாக இருந்திருந்தால் என்றைக்கோ அவளை மன்னித்திருப்பேன். பதிலுக்கு நான் ஜாதிக்காய் ஊறவைத்து ஜாடியில் கட்டி அனுப்புவேன். வேண்டுமென்றே சீனியைக் குறைத்துப் போடுவேன்.

அந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், ஆனால் அது என்னை என்ன செய்தது என்று தெரியாது. அங்கே வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணமென்றால் அவள் பேரில் வீட்டை எழுதிவைத்துவிட்டு மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். எத்தனை பெரிய வியாபாரியானாலும் அவன் கடைசிவரை மனைவி வீட்டு விருந்தாளி. “அங்க சத்தமா இருமணும்னாக்கூட யோசிக்கணும். இதுதான் என் வீடு” என்று உன் வாப்பா இங்கே வந்து காலை நீட்டி உட்காருவார். அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியாது. அவளிடத்தில் விருந்தாளி, என்னிடத்தில் எஜமான் என்று பூரித்துப் போவேன். பர்மாத் தேக்குத் தூண்களும் பூப்போட்ட தரை ஓடுகளும் கண்ணாடி விளக்குகளும் கப்பல் கப்பலாக நம் கடையிலிருந்து அந்த வீட்டுக்குப் போயின. வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கியது நான்தான். ஒரு விளக்கைக்கூட நான் உடைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

உன் வாப்பா மௌத்தானபோது நீ சிறு பிள்ளை. அழவேண்டிய நேரத்தில் அழுதேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் விதவை வீட்டோடு இருக்கிற இத்தா முடிந்து பெரியவர்கள் பாகப் பேச்சை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாகூர் வீடு அவள் பேரில் இருந்தது. அதில் யாரும் வாய் வைக்க முடியாது. இந்த வீடு உன் வாப்பா பேரில் இருந்தது. இதில் அவளுக்குப் பங்கு, அவளுடைய இரண்டு மகள்களுக்கும் பங்கு. அவள் வீடு அவளுக்கு, என் வீடு எல்லாருக்கும். இதுதான் என் வீடு என்று அவர் காலை நீட்டிச் சொன்னபோதெல்லாம் அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அது என் வீடாக ஒருநாளும் இருந்ததில்லை. நான்தான் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

பிறகு அவளே வந்துவிட்டாள். அந்த ஊரில் எந்தப் பெண்ணும் செய்யாததை அவள் செய்தாள், தன் இத்தா முடிந்ததும் தம்பியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கப்பலேறினாள். நான் ஒரு பேரழகியை எதிர்பார்த்து, நல்ல கெபாயாவாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வாசலில் நின்றேன். ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியவள் கட்டையாக, கறுப்பாக, தேய்ந்த செருப்போடு இருந்தாள். அழகியாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அழகுக்காக அல்ல, அவளுக்காகவே அவர் போய்க்கொண்டிருந்தார் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. உள்ளே வந்தவள் நேராக அவருடைய சாய்வு நாற்காலியிடம் போய் அவர் தலை சாய்க்கிற பக்கமாகவே தடவினாள். அது எந்தப் பக்கம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் இங்கே தங்கியிருந்த நாட்களில் நீ அவள் மடியைவிட்டு இறங்கவில்லை. என்னிடம் தின்னமாட்டேன் என்று வீடெல்லாம் ஓடுகிற பிள்ளை, அவள் உருட்டிக் கொடுத்தால் குருவிக்குஞ்சு போல வாயைத் திறந்தாய். நீ சிரித்தால் அவள் கையை நிறுத்திவிட்டு உன் முகத்தையே பார்ப்பாள். கீழே கூடத்தில் பெரியவர்கள் பங்கு பேசிக்கொண்டிருந்த அன்று, மாடியில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். நீ அவள் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தாய்.

“தங்கச்சி, வீடு ஒனக்கே ஈக்கட்டும்” என்றாள். “நானும் எம் புள்ளைங்களும் கையெழுத்துப் போட்டுத் தந்துடுறோம். எங்களுக்கு வீடு ஈக்குது.”

எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை. அந்த ஊரில் இருக்கிறது என்பதை ஈக்குது என்பார்கள், அக்காவை ராத்தா என்பார்கள். அதுவரை அவளை நான் எந்த முறை வைத்தும் அழைத்ததில்லை. “என்ன ராத்தா சொல்றீங்க?” என்றேன்.

“எனக்கு ஆம்புளப்புள்ள இல்லே. அவஹ சிரிப்பு இவன்கிட்டதான் ஈக்குது. எந் தம்பிக்கு இப்பத்தான் பொண்ணு பொறந்திருக்கா. பெரியவனானதும் இவனை அவளுக்குக் கட்டிக்குடு. வேற ஒன்னும் வேணாம்.”

“அவ்வளவுதானே ராத்தா? கட்டிக் குடுத்துட்டாப் போச்சு லா” என்றேன். என் சந்தோஷத்தை மறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சிறு பிள்ளையின் கல்யாணம் எங்கோ இருக்கிறது, வீடு இதோ இருக்கிறது. அவள் இன்னொன்றும் சொன்னாள்: “புள்ளைகிட்ட இதைச் சொல்லாதே. அவனா வரட்டும்.” அதற்கும் தலையாட்டினேன். கடை உனக்கு, வீடு எனக்கு என்று கீழே முடித்தார்கள். அந்தக் கட்டைக் கறுப்பியை நான் ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

கொண்டாட்டத்தைக் கெடுத்தவர் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக் கிளாக்கரின் மனைவி. அவர்கள் ஊரிலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நான் நடந்ததையெல்லாம் பெருமையடிக்க, அவர் கேட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “வீடு கிடைச்சதெண்டு சந்தோசப்படுறியள். பிள்ளையையெல்லோ குடுத்துப்போட்டியள்! அவன் பொம்பிளை வீட்டிலை போயெல்லோ இருக்கப் போறான்” என்றார். எனக்கு அந்த வழக்கம் தெரியாததா? உன் வாப்பாவை வைத்து அத்தனை வருஷம் குமைந்தவள்தானே நான். ஆனால் அதை உன்னோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டின் மேலேயே கண்ணாக இருந்தேன். அவளுக்கு என் கண் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

ஆகவே மகனே, நீயாகத் தேடிக்கொண்ட பெண் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருக்கிறாயே, அதைக் கொஞ்சம் இறக்கிக்கொள். இந்த இரகசியத்தைச் சொல்லாமல் உன்னை மணவறைக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. அந்தப் பெண்ணுக்கும் இது தெரியாது என்று நினைக்கிறேன், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நான் இந்தக் கல்யாணத்தைத் தடுக்க என்னாலான எல்லாம் செய்தேன். பட்டர்வொர்த்தில் ஒரு பெண் பார்த்தேன், சிரிப்பு சரியில்லை என்றாய். நிபோங் திபாலில் ஒரு பெண் பார்த்தேன், ரொம்பப் பேசுகிறாள் என்றாய். என்னோடு இத்தனை வருஷம் இருந்துவிட்டு ஒரு பெண் ரொம்பப் பேசுகிறாள் என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்ததோ! கொடுத்த வாக்கை மீறப் பார்த்தாயே உம்மா என்று கேட்பாய். ஆமாம், மீறத்தான் பார்த்தேன். இன்னொரு தடவை சந்தர்ப்பம் கிடைத்தாலும் மீறுவேன்.

தர்காவின் கந்தூரிக்கு நாகூர் போய்வருகிறேன் என்று நீ புறப்பட்டபோது நான் காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். பலிக்கவில்லை. நீ திரும்பி வந்து, கையில் அதே மாதிரி தகர டப்பாவோடு படியேறினாய். சாப்பிட உட்கார்ந்தவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்: “உம்மா, கோவிச்சுக்காதீங்க. பெரியம்மா மாதிரி மீன் ஆணம் வைக்க நம்ம பினாங்குல ஆளே இல்ல லா.” அன்று நான் வைத்திருந்த குழம்பும் மீன் ஆணம்தான். உன் தட்டில் இருந்தது. அதோடு விட்டாயா? பெரியம்மாவின் தம்பி வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தாய். நான் எழுந்து போய்க் குழாயடியில் நின்றேன். உன் மனைவியோடு வாழப்போகிறவன் நீ, அதனால் சொல்கிறேன்: ஒருத்தி சமைத்ததைத் தின்றுகொண்டே இன்னொருத்தியின் கைப்பக்குவத்தைப் பேசாதே. அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள். அதை நம்பாதே. நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

எங்கே இருக்கப்போகிறாய் என்று கேட்டதற்கு, “ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க” என்று சுலபமாகச் சொன்னாய். உன் வாப்பாவும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். உன் மனைவி கப்பலேறமாட்டாள். நீ இங்கே தனியாகக் கடையைப் பார்ப்பாய். சோறாக்க ஆள் வேண்டும், துணிக்கு ஆள் வேண்டும், பேச ஆள் வேண்டும். நான் எத்தனை நாள் இருப்பேன்? பிறகு இதே தெருவில் யாரோ ஒரு பெண்ணின் வாப்பா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார். உன் சட்டையை மோந்து பார்த்து வண்ணானுக்குப் போடுகிறவளாக இன்னொருத்தி வந்துசேருவாள். நான் அதை உன்னால் ஒரு பெண்ணுக்கு வரவிடமாட்டேன். அங்கே இருப்பவளுக்கும் அது நல்லதில்லை. அதை எனக்குச் சொன்னது அந்த நாகூராளேதான்.

இங்கிருந்து புறப்பட்ட அன்று, ரிக்‌ஷா வாசலில் நிற்க, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தங்கச்சி, நீ அனுப்புற ஜாதிக்காய்ல சீனி கம்மியா ஈக்கும். நா ஒவ்வொரு தடவையும் சீனி போட்டுத் திரும்பக் காச்சி அவஹளுக்கே வைப்பேன். இப்ப நல்லா ஈக்குதுன்னு சொல்லுவாஹ. எனக்கு அவ்வளவு சந்தோஷமா ஈக்கும்” என்றாள். நான் திகைத்துப்போய், தம்ரூட் ரொம்ப நன்றாக இருக்கும் ராத்தா என்று உளறினேன். “ஈக்காதா பின்னே? ஒனக்காகவா செஞ்சேன்? ஒன் வீட்ல ஒக்காந்து தின்னும்போது அவஹ என்னை நெனைக்கணும்னு செஞ்சேன்” என்றாள். சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். இத்தனை வருஷம் நான் ஒருத்திதான் எரிந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். எரிச்சலிலும் அவள் எனக்கு முன்னால் இருந்திருக்கிறாள். அதற்காகவும் எனக்கு அவள்மேல் பொறாமைதான்.

இனி நான் செய்திருப்பதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். நிக்காஹ் மஜ்லிஸில், நீ பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் என்ன என்று கேட்பார்கள். நகை என்று சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன், அது இருக்கட்டும், அதைக் கொடு. ஆனால் அதோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த வீட்டை உன் மனைவிக்கு மஹராக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மஜ்லிஸில் நீ சொன்னால்தான் அது செல்லும். உன்னோடு வந்திருக்கிற நம் கடைக் கணக்கப்பிள்ளையிடம் பத்திரம் இருக்கிறது, நீ கேட்காமல் அவர் வாயைத் திறக்கமாட்டார். எழுதும்போது வக்கீல் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மகன் பேர்ல எழுதினாப் போதுமே லா, எதுக்கு நேத்து வந்த பொண்ணு பேர்ல?” என்றார். மகன் பேரில் எழுதினால் அது மறுபடியும் ஓர் ஆண்பிள்ளையின் வீடு. கடலுக்கு இரண்டு பக்கமும் பங்குபோடுகிற வீடு. பெண்ணுடைய வீட்டை யாரும் பங்குபோட முடியாது. அதை நான் அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

மாப்பிள்ளை மனைவி வீட்டில்தான் இருக்கவேண்டும் என்பதுதானே அவர்கள் வழக்கம்? இருக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. உன் மனைவியின் வீடு இப்போது சூலியா தெருவில் இருக்கிறது. அவளுக்கு அங்கேயும் ஒரு வீடு தருவார்கள், தெரியும். ஆனால் தன் பேரில் இருக்கிற வீட்டை ஒரு தடவையாவது பார்க்காமல் எந்தப் பெண்ணாலும் இருக்க முடியாது. அவள் அத்தை வெறும் நாற்காலிக்கும் உன் சிரிப்புக்கும் கடல் தாண்டி வந்தவள். அந்த இரத்தம்தானே இவளும்? வருவாள். வராமலும் போகலாம். வராவிட்டால் நான் வீட்டையும் விட்டேன், உன்னையும் விட்டேன். அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

நீ இதைச் சொல்லாமலும் விட்டுவிடலாம். கடிதத்தைக் கிழித்துக் கடலில் போட்டுவிட்டு நகையோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் வீடு என்னுடையதாகவே இருக்கும், நீ அந்த நாகூராளுடையவனாகிவிடுவாய். பழைய பேரம் அப்படியே நிற்கும். எனக்கு அந்தப் பேரம் வேண்டாம். அதனால் மஹரைச் சொல்லும்போது உரக்கச் சொல், மகனே. பெண்கள் திரைக்குப் பின்னால் இருப்பார்கள். அங்கே உன் பெரியம்மா காதில் விழவேண்டும். மற்றவர்கள் பினாங்குக்காரிக்கு எவ்வளவு பெரிய மனது என்று மூக்கில் விரல் வைப்பார்கள். அவள் ஒருத்திக்குத்தான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று புரியும். சிரித்தாளா என்று மட்டும் உன் மனைவியிடம் கேட்டு எனக்கு எழுது.

உன் மனைவியிடம் இன்னொன்றும் கேள். மாடியில் ஜன்னலோரத்து அறையில் அவள் மாமியார் இருந்துகொள்ளலாமா என்று கேள். இனி நான் அவள் வீட்டில் இருக்கிறவள், கேட்டுக்கொண்டுதான் இருக்கவேண்டும். சத்தமாக இருமமாட்டேன் என்று சொல். வருகிறபோது தம்ரூட் கொண்டுவரச் சொல். இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கமாட்டேன். அவள் அத்தையும் கூட வருகிறேன் என்று கிளம்பினால் தடுக்காதே. அந்த வீட்டில் அவளும் விருந்தாளி, நானும் விருந்தாளி. உன் வாப்பாவின் நாற்காலியை வேண்டுமானால் அவள் பக்கம் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் மீன் ஆணம் நான்தான் வைப்பேன். நீ இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் சாப்பிட வேண்டும்.

உன் உம்மா